பேர் பெற்ற பள்ளியும் பேர் கெட்ட பள்ளியும்

1

நான் படித்த பள்ளியை மூடிவிட்டார்கள். போன வாரம் ஆஸ்பத்திரி கேன்டீனில் வரிசையில் நிற்கும்போது, கூட வேலை பார்க்கும் ஒருத்தி போகிற போக்கில் சொன்னாள். "உன் ஸ்கூல்தானே அது? இவ்வளவு நாள் எப்படி நடத்தினார்கள் என்றுதான் எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒஹாயோவில் நாங்கள் இருப்பது இரும்பு ஆலைகள் உள்ள சின்ன ஊர். பாதி ஆலைகள் இப்போது ஓடுவதில்லை.

திருச்சித் தோழிகள் கடிதம் எழுதும்போதெல்லாம், "நீ அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய்?" என்று கேட்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளிக்கு மயக்கம் கொடுக்கிறேன். நம் ஊரில் அது டாக்டர் வேலை. இந்த நாட்டில் நர்சுகளும் செய்யலாம். ஆனால் அதற்கு முன் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்திருக்க வேண்டும். பிறகு அதற்கென்றே இருக்கும் பள்ளியில் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு பள்ளிகளில் இடம் கிடைத்தது. ஒன்று நாடு முழுக்கப் பேர் பெற்றது. இன்னொன்றின் பேரைச் சொன்னாலே நர்சுகள் முகம் சுளிப்பார்கள். நான் அவர்கள் முகம் சுளிக்கிற பள்ளியில் சேர்ந்தேன். ஏன் என்று இங்கே ஒருவரும் கேட்டதில்லை. இவளுக்கு வேறு எங்கும் கிடைத்திருக்காது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். பள்ளியே இல்லாமல் போன பிறகாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

2

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. வீடு எடமலைப்பட்டி புதூரில். நானும் தங்கை ராஜியும் இரண்டே பேர். எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

மூன்றாம் வருஷம் தியேட்டர் டியூட்டி போட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு தியேட்டர்கள். மயக்கம் கொடுக்க ஒரே டாக்டர். நல்ல மனுஷர், இங்கே ஒருவரைத் தூங்க வைத்துவிட்டு அங்கே ஓடுவார், அங்கிருந்து இங்கே ஓடி வருவார். ஈதர் வாசனை தலைமுடியில் ஏறி, வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டுக் குளித்தாலும் போகாது.

ஒரு நாள் காலை லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார். மேஜையில் ஏறும் முன் தோளில் கிடந்த துண்டை என்னிடம் கொடுத்து, "பத்திரமா வச்சிரும்மா, வெளிய வந்ததும் கேப்பேன்" என்றார். மயக்கம் கொடுத்துவிட்டு டாக்டர் பக்கத்துத் தியேட்டருக்குப் போனார். அங்கே ஒரு பிரசவக் கேஸ், அவரால் உடனே திரும்ப முடியவில்லை. நான் தட்டுடன் சர்ஜன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெட்டிய இடத்தில் வந்த ரத்தம், மூச்சுக் காற்று போகாதபோது ஆகிற மாதிரி, கறுப்பாக இருந்தது. சர்ஜன் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ரத்தம் ஏன் இப்படி இருக்கு? தலைமாட்டுல யாரு?"

தலைமாட்டில், மயக்கம் கொடுப்பவர் இருக்க வேண்டிய இடத்தில், யாரும் இல்லை.

டாக்டர் ஓடி வந்தார். என்னென்னவோ செய்தார்கள். அந்த விவசாயி எழுந்திருக்கவில்லை. ஹார்ட் நின்றுவிட்டது என்று வெளியே இருந்தவர்களிடம் சொன்னார்கள். அது பொய் இல்லை. துண்டை அவருடைய மகனிடம் கொடுத்தது நான்தான். அன்றைக்குப் பிறகு தியேட்டர் டியூட்டி என்றாலே எனக்குப் பயம். பயிற்சி முடிந்ததும் வார்டு வேலையே போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

3

கல்யாணமாகி, கயல்விழி பிறந்து, நர்ஸ் வேலைக்கு விசா கிடைத்து, எழுபதுகளின் நடுவில் நாங்கள் இந்த ஊருக்கு வந்தோம். என் கணவர் சுந்தரம் ஒரு ஆலையில் வரைபடம் போடும் பிரிவில் சேர்ந்தார். எனக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு. பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மூக்கால் பேசும் டாக்டர்களின் உச்சரிப்பும் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: ஒரு நோயாளிக்கு மூச்சு நின்றால் என் கைகள் ஜில்லிட்டுவிடும். மயக்கப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸ் வருவாள். ஓடி வரமாட்டாள், நடந்துதான் வருவாள். தலைமாட்டில் நின்று தாடையைத் தூக்கித் தொண்டைக்குள் குழாயைப் போடுவாள். மார்பு எழும்பும். அவள் போன பிறகும் நான் அந்தத் தலைமாட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் இவர், "பயமா இருக்குன்னு சொல்ற. அப்புறம் அதையே போய்ப் படிக்கணுமா?" என்றார்.

"தெரியாததாலதாங்க பயமா இருக்கு."

"தெரிஞ்சா போயிடுமா?"

மறுநாளே விண்ணப்பத் தாளுக்கு எழுதிப் போட்டேன்.

விண்ணப்பிப்பது லேசான காரியமாக இல்லை. திருச்சியில் படித்த பாடங்கள், மதிப்பெண்கள் எல்லாம் பயிற்சிப் பள்ளியே சீல் வைத்து நேராக அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும், என் கை படக் கூடாது என்றார்கள். அங்கே இருந்த கிளார்க்கோ, "அப்படியெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழக்கமில்லீங்க, உங்க ஆளை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார். ராஜி எனக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துத் திரும்பத் திரும்பப் போனாள். தபால் தலையைத் தானே வாங்கிக் கொடுத்து, அவர்களே கவரை ஒட்டித் தபால் பெட்டியில் போடும்வரை கூடவே நின்றாள். அந்தச் சமயத்திலேயே அவளுக்கு உதிரப்போக்கு இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை.

பேர் பெற்ற பள்ளி, மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இருந்தது. நேர்முகத்துக்குப் புதுக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு பேர். உங்கள் பயிற்சியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். நம் ஊரில் எல்லோரும் சொல்கிற மாதிரி, "திருச்சியில் பாஸ் அவுட் ஆனேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இந்த ஊர் இங்கிலீஷில் அதற்கு மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது.

"எப்போது கண் விழித்தீர்கள்?" என்று கேட்டார் ஒருவர். மயக்க மருந்துப் பள்ளி அல்லவா, சிரிப்பு அடங்க நேரமாயிற்று. காது மடல் சூடேற நானும் சிரித்தேன். பிறகு இன்னொருவர், "உங்கள் திருச்சிப் பள்ளியின் தரம் எப்படி? நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு, அது எவ்வளவு சின்னப் பதில் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே காரோட்டி வந்தேன்.

ஆனாலும் இடம் கொடுத்தார்கள். அதே வாரம் நாங்கள் குடியிருந்த ஊரிலேயே இருந்த சின்னப் பள்ளியும் இடம் கொடுத்தது. அதைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் மோசம்: சேர்கிறவர்களில் பாதிப் பேரைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நடத்துகிற மிஸ் டோரத்தி மனுஷியே இல்லை, அங்கே படித்தேன் என்றால் எங்கும் வேலை தரமாட்டார்கள். என் மேற்பார்வை நர்ஸ், "இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றாள். இவரும் அதையேதான் சொன்னார். பேர் பெற்ற பள்ளிக்குச் சம்மதம் எழுதி, கவரை ஒட்டாமல் மேஜையில் வைத்திருந்தேன்.

அப்போதுதான் ராஜியின் கணவர் கோபாலிடமிருந்து டிரங்க் கால் வந்தது. இரைச்சலுக்கு நடுவே, "கர்ப்பப்பையில கட்டியாம்கா. எடுத்தாகணுமாம். உங்களைப் பாக்கணும்னு அழுவுறா" என்று கேட்டது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊரில் எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். இரண்டு பள்ளிகளிலும் அவகாசம் கேட்டுவிட்டு, கயலைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

4

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் அவர்கள் வீடு. கோபாலுக்கு மளிகைக்கடை. மொட்டை மாடியில் நின்றால், கட்டிக்கொண்டிருந்த ராஜகோபுரம் சாரத்தோடு தெரியும். ராஜி வாசல்வரை வந்தாள். அவளுடைய உதடும் கன்னமும் ஒரே நிறத்தில் இருந்தன. கட்டிப்பிடித்துக்கொண்டு, கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளேரென்று இருந்தது.

"வந்ததும் நர்ஸ் வேலையா? உள்ள வாக்கா முதல்ல" என்று சிரித்தாள். படியேற மூச்சு வாங்கினாள்.

ஒன்பது வயசுக் கயல் அவளிடம் ஒட்டவில்லை. சித்தி கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். என்னைத் தனியாக இழுத்து, சித்தி செத்துப்போய்விடுவாளா என்று அதையும் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். அந்த மொழியில் கேட்டது நல்லதாகப் போயிற்று, ராஜிக்குப் புரியவில்லை.

கோபால் எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். "தில்லை நகர்ல பெரிய டாக்டர்கா. கைராசிக்காரர். அவர் கை பட்டாப் போதும்னு வெளியூர்ல இருந்தெல்லாம் வராங்க. வர்ற வியாழக்கிழமையே வச்சுக்கலாம்னுட்டாரு."

மறுநாள் மூவரும் போனோம். நர்சிங் ஹோம் வாசலில் கால் வைக்க இடமில்லை. டாக்டர் ராஜியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பயப்படாதீங்க, அரை மணி நேர வேலை" என்றார். கோபால் கை கூப்பினார். நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"டாக்டர், மயக்கம் குடுக்கறது யாருங்க?"

"வருவாருங்க. நல்ல எக்ஸ்பீரியன்ஸ்."

"ஆபரேஷன் முடிஞ்சு இவ கண்ணு முழிக்கிற வரைக்கும் கூடவே இருப்பாருங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷத்துல யாரும் எங்கிட்ட இதைக் கேட்டதில்லை. நீங்க எந்த ஊரு?"

கோபால் என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வந்ததும் அங்கிருந்த நர்சிடம் விசாரித்தேன். அவள் ஒளிக்காமல் சொன்னாள். "மயக்க டாக்டர் ஸ்கூட்டர்ல வருவாருங்க. குடுத்துட்டு, செட்டிலானதும் அடுத்த நர்சிங் ஹோமுக்குப் போயிடுவாரு. அவருக்கும் எத்தனை எடம்! நாங்க பாத்துப்போம்ல."

அவள் சொன்னதில் தப்பாக ஒன்றும் இல்லை என்றுதான் அவள் நினைத்தாள். எனக்கு அந்த விவசாயியின் துண்டு ஞாபகம் வந்தது.

என்னோடு படித்த ஸ்டெல்லா புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளைத் தேடிப் போய், முடியும்வரை தலைமாட்டைவிட்டு நகராத மயக்க டாக்டர் திருச்சியில் யார் என்று கேட்டேன். அவள் சொன்னாள். "உறையூர்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கு. அங்க டாக்டர் ஜெயந்தின்னு ஒருத்தங்க. அவங்க நகரமாட்டாங்க. ஆனா வசந்தா, அந்த எடத்துக்குப் பேரு சரியில்லடி. தேதி குடுத்துட்டுத் தள்ளிப் போட்டுடுவாங்க, வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு ஜனங்க போறதில்ல."

டாக்டர் ஜெயந்திக்கு என் வயசுதான் இருக்கும். ராஜியின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும், "இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டு நான் மயக்கம் குடுக்க மாட்டேன்" என்றார். "முதல்ல ரத்தம் ஏத்தணும். அப்புறம் பாத்துட்டுத்தான் தேதி."

கோபால், "தில்லை நகர்ல வியாழக்கிழமையே பண்றேன்னாங்களே" என்றார்.

"அப்ப அங்கயே பண்ணிக்கோங்க."

பஸ் பிடித்துத் திரும்பினோம். காவேரிப் பாலம் வந்தபோது கோபால் மெதுவாக ஆரம்பித்தார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா, ராசியான டாக்டரை விட்டுட்டு இங்க ஏன் கொண்டாந்தேன்னு நாலு பேரு என்னைத்தான் கேப்பாங்க."

"என்னையும்தான் கேப்பாங்க கோபால்."

"நீங்க பிளேன் ஏறிடுவீங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ராஜிதான் வாயைத் திறந்தாள். "அக்கா சொல்ற எடத்துலயே பண்ணிக்கறேங்க. அவளுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாது. அதுதான் விஷயம். ஒரு கேள்வி கேட்கத் தெரிந்ததே தவிர, அதற்குமேல் எதுவும் தெரியாமல்தான் என் தங்கையை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வியாழக்கிழமை வந்தது, போனது. தில்லை நகரில் அன்று யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. ஒருவேளை ராஜியும் அங்கே நல்லபடியாகப் பிழைத்திருப்பாளோ, நான்தான் வீணாகத் தள்ளிப்போட்டு அவளை இன்னும் வெளுக்க வைக்கிறேனோ என்று நினைத்து நினைத்துப் பகலெல்லாம் மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன்.

5

கோபாலும் கடைப் பையன்களும் ரத்தம் கொடுத்தார்கள். ராஜியின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்த பிறகு தேதி குறித்தார்கள். நான் நர்ஸ் என்பதால், "வேணும்னா உள்ள வந்து நில்லுங்க. ஆனா எதையும் தொடக் கூடாது" என்றார் டாக்டர் ஜெயந்தி.

ஈதர் வாசனை இல்லை. மற்றதெல்லாம் அப்படியேதான் இருந்தது: பச்சைத் துணி, தட்டில் கருவிகள் மோதும் சத்தம், சூடான விளக்கு. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். டாக்டர் ஜெயந்தி ஒரு மர ஸ்டூலில் ராஜியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். ஒரு கை காற்றுப் பையில், இன்னொரு கை ராஜியின் கன்னத்துக்குப் பக்கத்தில் ஓடும் நாடியில். ரத்தத்தின் நிறத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பாகத்தான் இருந்தது.

கட்டியை எடுத்தார்கள். தைத்து முடித்தார்கள். ஆபரேஷன் செய்த லேடி டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே போய், "நல்லபடியா முடிஞ்சுது" என்று கோபாலிடம் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. சுவரிலிருந்து முதுகை எடுத்தேன். இனிமேல் என்ன, முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மூச்சுக்காகத் தொண்டைக்குள் போட்டிருந்த குழாயை எடுத்ததும் ராஜி ஒரு முறை இருமினாள். பிறகு சத்தமில்லை. அவளுடைய மார்பு ஏறி இறங்கியது, கழுத்துக் குழி உள்ளே இழுத்தது, ஆனால் காற்று போகவில்லை. குரல்வளை இறுகிக்கொண்டுவிட்டது. உதடு நீலமாக மாறியது. பிறகு நகம். அங்கே நின்றிருந்த சின்ன நர்ஸ் கத்தரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவே இல்லை. வெளியே கோபால் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

எட்டு வருஷமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். என் கை எழவில்லை.

டாக்டர் ஜெயந்தி ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. மாஸ்க்கை முகத்தோடு அழுத்தி, இரண்டு விரலால் தாடையை முன்னே தள்ளி, பையை அமுக்கினார். பை கல் மாதிரி இருந்தது. "அந்த ஊசி" என்றார் நர்சிடம், குரலை உயர்த்தாமல். முன்பே நிரப்பித் தயாராக வைத்திருந்தார். குரல்வளையைத் தளர்த்தும் மருந்து போனது. நான் எண்ணவில்லை, எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. பை திடீரென்று அவருடைய கையில் இளகியது. ராஜியின் மார்பு நிறைந்தது. உதடு ஊதாவாகி, பிறகு வெளிறி, பிறகு அவளுடைய உதடாக ஆனது.

அப்புறமும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ராஜி கண் விழித்து, "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்கும்வரை.

"இப்படி அடிக்கடி ஆகுமா டாக்டர்?" என்று பிறகு கேட்டேன்.

"என்னிக்கு ஆகும்னு தெரியாது. அதனாலதான் நான் டீ குடிக்கக்கூடப் போறதில்ல" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்ட மாதிரி, "எனக்கும் உதறும். உங்களுக்கு வெளிய தெரியாது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கோபாலிடம் நான் எதையும் சொல்லவில்லை. ராஜிக்கும் இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

6

திரும்பி வந்ததும் மேஜையில் இருந்த கவரை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு பள்ளிகளுக்கும் போன் செய்தேன். ஒரே கேள்வி. மாணவி மயக்கம் கொடுக்கும்போது அறையில் யார் இருப்பார்கள்?

பேர் பெற்ற பள்ளியில் உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். சில மாதங்களிலேயே எங்கள் மாணவர்கள் அறையில் தனியாக இருப்பார்கள், ஆசிரியர் கூப்பிடு தூரத்தில் இருப்பார், சுயமாக முடிவெடுக்கக் கற்றுத் தருவதில்தான் எங்கள் பெருமையே இருக்கிறது என்றார்கள். அதில் படித்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தியேட்டரிலிருந்து கூப்பிடு தூரம் எவ்வளவு என்பதையும் பார்த்திருக்கிறேன்.

சின்னப் பள்ளியில் மிஸ் டோரத்தியே போனை எடுத்தாள். "நான் இருப்பேன். அல்லது என் ஆசிரியை இருப்பாள். இரண்டு வருஷமும். உனக்கு எரிச்சலாக இருக்கும்" என்றாள். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவது உண்மையா என்றும் கேட்டேன். "பாதி இல்லை. ஆனால் அனுப்புவேன். பத்திரமில்லாத ஒருத்தியை நோயாளியிடம் விடுவதற்குப் பதில் அவளை அழ வைப்பேன்."

சின்னப் பள்ளியில் சேரப் போகிறேன் என்றது இவருக்குப் பிடிக்கவே இல்லை. "பேர் பெற்ற இடத்தை விட்டுட்டு யாராவது அங்க போவாங்களா? அனுப்பிட்டாங்கன்னா என்ன பண்ணுவே? இருக்கிற வேலையும் போயிடும் வசந்தா."

"தெரியும்ங்க."

தெரிந்துதான் சேர்ந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் பயப்படாத நாள் ஒன்று இருந்ததாக நினைவில்லை. முன்பெல்லாம் நோயாளி போய்விடுவாரோ என்ற பயம். இப்போது என்னையே அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. மிஸ் டோரத்தி என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது கழுத்தில் படும். மருந்தின் பேரை நான் நம் ஊர் உச்சரிப்பில் சொன்னால், மூன்று முறை திருப்பிச் சொல்ல வைப்பாள். "தவறாகக் கேட்டால் தவறான மருந்து வரும்" என்பாள். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கியதைப் பார்த்தேன். முதல் வருஷக் கடைசியில் எனக்கும் எச்சரிக்கை வந்தது: கை மெதுவாக இருக்கிறது, மூன்று மாதத்தில் திருந்தாவிட்டால் போகலாம். காரில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பாமல் அழுதேன். பிறகு வீட்டில் ஒரு தலையணையைத் தலையாக வைத்து, தாடையைத் தூக்கித் தூக்கிப் பழகினேன். எப்படியோ தப்பித்தேன்.

அதற்கு விலை கொடுத்தது கயல். அவள் எழுந்திருக்கும் முன் நான் கிளம்பிவிடுவேன். அவளும் அப்பாவும் பாலில் கார்ன் பிளேக்ஸைப் போட்டுச் சாப்பிடுவார்கள். நான் வீடு வந்து சேர்ந்ததும் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவேன். தமிழில் பேச்சுக் கொடுக்க எனக்கு நேரமில்லாமல், இருந்த கொஞ்சத் தமிழையும் அவள் விட்டாள். அறைக் கதவில் 'கே' என்று ஒற்றை ஆங்கில எழுத்தில் தன் பேரை ஒட்டினாள். "சாப்பிட்டியாம்மா?" என்றால் ஆங்கிலத்தில் ஒரு சொல் வரும். நான் அதட்டினால் அந்த ஒரு சொல்லும் வராது. குரல்வளை இறுகினால் என்ன செய்ய வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தவளுக்கு, இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

படிப்பு முடிந்து, சின்னப் பள்ளி என்பதால் இரண்டு இடங்களில் கைவிரித்துவிட, கடைசியில் இப்போது இருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நான் தலைமாட்டைவிட்டு நகருவதில்லை. அதனால் என்னை மெதுவானவள் என்றும், அந்த ஸ்கூலில் படித்தவள் வேறு எப்படி இருப்பாள் என்றும் பேசிக்கொள்கிறார்கள். காதில் விழுந்திருக்கிறது.

7

போன இலையுதிர் காலத்தில் கயலுக்குப் பள்ளியில் வயிற்று வலி வந்தது. குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றே எடுக்க வேண்டும் என்றார்கள். நான் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரி. ஆனால் சொந்தப் பிள்ளைக்கு நான் மயக்கம் கொடுக்கக் கூடாது, உள்ளே நிற்கவும் கூடாது என்பது விதி. அன்று அவளுக்கு மயக்கம் கொடுக்க வேண்டியவள், நான் வேண்டாமென்ற அந்தப் பேர் பெற்ற பள்ளியில் படித்த சின்னப் பெண்.

அவளை வராந்தாவில் நிறுத்தினேன். இத்தனை வருஷமாகக் கேட்டுவரும் கேள்வியை என்னால் கேட்க முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வசந்தா, நான் எங்கேயும் போக மாட்டேன்" என்றாள். அவளுடைய விரல்களும் கொஞ்சம் நடுங்கின. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நடந்தோம். சிவப்புக் கோடு போட்ட இடத்தில் நின்றுவிட வேண்டும். கயல் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயசு. என் கையைப் பிடித்து வெகு காலமாயிற்று. இப்போதும் பிடிக்கவில்லை. கட்டில் கோட்டைத் தாண்டும்போது தலையை மட்டும் திருப்பினாள்.

"அம்மா, போயிட்டு வரேன்."

சொல்லிக் கொடுத்தது யார், எந்த வயசில் என்று எனக்கு நினைவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்கிற எதையாவது சொல்லியிருக்கலாம். இவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கதவு மூடுவதற்குள், "போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது.

மற்ற அம்மாக்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். சர்ஜன் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்று கைகுலுக்கினார். இவர் எழுந்து நன்றி சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னப் பெண் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, கயலின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வெளியே வந்தாள்.

கயல் அரைக்கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள், ஆங்கிலத்தில்தான். இப்போது கொடுக்கக் கூடாது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். உதடு நல்ல சிவப்பாக இருந்தது.